விண்டோஸ் 7ஐ விட்டுவிடலாமா? ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் இதை எதை வைத்து முடிவு பண்ணுகின்றன?

தராசுத்தட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் கமிஷன் கடைகளுக்காக ஒரு சின்ன மென்பொருளை ஓப்பன் சோர்ஸாக வைத்திருக்கிறேன். எலக்ட்ரானிக் தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையை வாங்கி, மூட்டைக் கணக்கு போட்டு, கமிஷன், இறக்குகூலி எல்லாம் கழித்து, விவசாயிக்குத் தமிழில் சிட்டை அடித்துக் கொடுக்கும். பைத்தான் மொழி, திரையை வரைய பைகியூட்டி5 (கியூட்டி என்ற நூலகம்), கணக்கை வைக்க எஸ்கியூலைட் என்ற ஒரே பைல் டேட்டாபேஸ், அவ்வளவுதான். தெரிந்த கடைக்காரர் ஒருவருக்காக எழுதியது, அப்புறம் அவர் மச்சான் கடை, மச்சானுக்குத் தெரிந்தவர் கடை என்று சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் வரை போய்விட்டது. யார் யாரிடம் இருக்கிறது என்பது எனக்கே முழுசாகத் தெரியாது, பென்டிரைவில் கைமாறிப் போகிறது.

இப்போது பிரச்சினை. நான் போய்ப் பார்த்த கடைகளில் நிறைய இடத்தில் இன்னும் விண்டோஸ் 7தான், அதிலும் 32 பிட். அதனால் பைத்தான் 3.8ஐ விட்டு நகர முடியவில்லை. 3.9ல் கட்டிக் கொடுத்தால் அந்த மெஷினில் 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் (விண்டோஸின் துணைப் பைல்) இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கியூட்டி 6க்கும் போக முடியாது, அது விண்டோஸ் 10க்குக் கீழே வராது. சிட்டையைப் படமாக வரைந்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்ப பில்லோ என்ற பட நூலகத்தைப் பயன்படுத்துகிறேன், அதுவும் 11ஆம் வெர்ஷனிலிருந்து பைத்தான் 3.8ஐ விட்டுவிட்டது. போன மாதம் ஒரு கல்லூரி மாணவி நல்ல பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்று அனுப்பினாள், கழிவுக் கணக்கை அழகாகப் பிரித்து எழுதியிருந்தாள், ஆனால் 'மேட்ச்' என்ற புதுக் கட்டளை வைத்து எழுதியிருந்தாள், அது 3.10க்கு மேல்தான் ஓடும். "இதைப் பழைய மாதிரி மாற்றி எழுதித் தர முடியுமா" என்று கேட்டேன். பதிலே இல்லை.

பைத்தான், பயர்பாக்ஸ் மாதிரி பெரிய திட்டங்கள் "இந்த விண்டோஸ் வரைக்கும்தான்" என்று எப்படி முடிவு பண்ணுகின்றன? ஏதாவது எழுதி வைத்த விதி இருக்கிறதா, அல்லது யாராவது ஒருவர் சலித்துப் போய் விட்டுவிடுவதுதானா? நான் விட்டால் தப்பா?

---

கீழாம்பூர்_கர்னல் எழுதியது:

தம்பி, விதி இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு விதி. விண்டோஸ் 7ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், அது எத்தனை முறை செத்திருக்கிறது என்று பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும்.

பைத்தானில் இதற்கென்றே பெப் 11 என்று ஓர் ஆவணம் இருக்கிறது. புது வெர்ஷன் வெளியாகும் நாளில் மைக்ரோசாப்டின் நீட்டித்த ஆதரவு காலம் முடியாத விண்டோஸ் எல்லாவற்றுக்கும் சப்போர்ட் உண்டு, முடிந்தவற்றுக்குக் கிடையாது. விண்டோஸ் 7க்கு அது 2020 ஜனவரி 14ல் முடிந்தது. பைத்தான் 3.9 வந்தது 2020 அக்டோபரில். எனவே 3.9ல் 7 கிடையாது. ஓட்டெடுப்பு கிடையாது, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பு கிடையாது, நாள்காட்டியைப் பார்த்து முடிவு. இதில் ஒரு நல்லது, யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

குரோம் பிரவுசருக்கு அடித்தளமான குரோமியம்காரர்கள் அதே விண்டோஸ் 7ஐ வேறு நாளில் புதைத்தார்கள். மைக்ரோசாப்ட் காசு வாங்கிக்கொண்டு கம்பெனிகளுக்குக் கூடுதலாக மூன்று வருஷம் பேட்ச் கொடுத்தது, அது 2023 ஜனவரி 10ல் முடிந்தது. அந்த மாதம் வந்த 109தான் 7க்குக் கடைசி குரோம். குரோமியம் விட்டால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானும் (டெஸ்க்டாப் மென்பொருள் எழுதும் கருவி) விட்டாக வேண்டும், எலக்ட்ரான் 22 கடைசி. எலக்ட்ரானில் எழுதிய அத்தனை பேரும் அடுத்த அப்டேட்டில் 7ஐ இழந்தார்கள், அவர்களில் பாதிப் பேர் அப்படி ஒரு முடிவை எடுத்ததாகவே நினைத்திருக்க மாட்டார்கள். கோ மொழி 2023 ஆகஸ்ட்டில் 1.21ஓடு விண்டோஸ் 10க்கு ஏறிவிட்டது. ரஸ்ட் மொழி 2024 மே மாதம் 1.78ல். லிப்ரே ஆபீஸ் 2025 ஆகஸ்ட்டில் 25.8 வரும் வரைக்கும் 7ஐ இழுத்துக்கொண்டு வந்தது. பயர்பாக்ஸ் இன்னொரு வழி. 115 இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவு) என்ற ஒரு வெர்ஷனை 7, 8, 8.1க்காகத் தனியாக நிறுத்தி, அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் முடிப்பதாகச் சொன்னதை, ஆள் இன்னும் நிறைய இருக்கிறது என்று நீட்டிக்கொண்டே போனார்கள்.

ஆக, ஒரே சிஸ்டம், 2020 தொடங்கி 2025க்கும் அப்பால் வரை ஆளுக்கொரு சாவுத் தேதி. இதில் யார் சரி, யார் தப்பு என்று கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொருவருக்கும் கீழே என்ன இருக்கிறது, மேலே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் நிலைமைக்கு வருவோம். நீங்கள் முடிவெடுக்கப் போவதாக நினைக்கிறீர்கள். முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. பைத்தான் 3.8க்கு விண்டோஸ் இன்ஸ்டாலர் கடைசியாக வந்தது 3.8.10, 2021 மே மாதம். அதற்கப்புறம் வந்ததெல்லாம் வெறும் சோர்ஸ், பாதுகாப்புத் திருத்தம் மட்டும், அதுவும் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டது. உங்களுக்கு அடியில் நாலு அடுக்கு (விண்டோஸ், பைத்தான், கியூட்டி, பில்லோ) இருக்கிறது, நாலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: போன பிறகு பழைய கடைக்காரரிடம் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள், அதை எவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்கிறீர்கள்.

---

அபிஷேகப்பட்டி_பஸ் எழுதியது:

விடுங்கள். இவ்வளவு யோசிக்க ஒன்றுமே இல்லை.

நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, அதில் யார் சோதித்துப் பார்க்கிறார்கள்? நிரல் வைக்கும் தளமான கிட்ஹப்பில் சோதனைக்கு இலவசமாகக் கிடைக்கும் மெஷின்களில் விண்டோஸ் சர்வர் 2019 கூட 2025 ஜூனோடு போய்விட்டது. உபுண்டு 20.04 அதே வருஷம் ஏப்ரலில் போனது. விண்டோஸ் 7 அங்கே என்றைக்குமே கிடையாது. ஒவ்வொரு தடவையும் உங்கள் கையால் ஒரு பழைய மெஷினில் ஓட்டிப் பார்க்கிறீர்களா? இல்லை என்றால் ரீட்மீயில் (மென்பொருளோடு வைக்கும் குறிப்பில்) 'விண்டோஸ் 7 சப்போர்ட் உண்டு' என்று எழுதியிருப்பது வெறும் நம்பிக்கை.

ரஸ்ட்டில் இதை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். முதல் அடுக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட் ஓடும், ஓடாவிட்டால் உள்ளே சேர்க்க மாட்டார்கள். இரண்டாவது, கம்பைல் ஆகும் (ஓடும் பைலாகக் கட்ட வரும்) என்பதற்கு மட்டும் உத்தரவாதம். மூன்றாவது, நிரல் இருக்கிறது, ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். விண்டோஸ் 7 இப்போது மூன்றாவதில். விரட்டிவிடவில்லை, யாராவது ஆர்வமாகப் பார்த்துக்கொண்டால் பார்த்துக்கொள்ளட்டும். பைத்தானும் இதே மாதிரி அடுக்கு வைத்திருக்கிறது, அதில் ஒவ்வொரு அடுக்குக்கும் கோர் டெவலப்பர் (முக்கிய நிரலாளர்) இத்தனை பேர் பொறுப்பேற்க வேண்டும் என்று இருக்கிறது. ஆள் இல்லாவிட்டால் அடுக்கு இறங்கும். சப்போர்ட் என்றால் ஆள். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மாணவி விஷயம். அது நான் இல்லை, ஆனால் நானாக இருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டேன். வகுப்பில் 3.12 சொல்லித் தருகிறார்கள், வீட்டில் 3.13 போட்டிருக்கிறேன், சும்மா உதவி பண்ண வந்தால் ஐந்து வருஷம் பின்னால் போய் எழுது என்றால் யார் எழுதுவார்கள்? பழைய மெஷின் வைத்திருப்பவரை நீங்கள் இழக்காமல் இருக்கிறீர்கள், சரி. வேலை செய்ய வருகிறவரை இழக்கிறீர்கள். அந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

---

வண்ணார்பேட்டை_வயர் எழுதியது:

தங்கச்சி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நான் சர்வீஸுக்குப் போகிறவன், இந்தக் கடைகள் எல்லாம் என் ரூட்டுதான், அதனால் அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர் விண்டோஸ் 7ஐ ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை. புதுசுக்குக் காசு இல்லாமலும் இல்லை, தக்காளி விலை ஏறுகிற சீசனில் ஒரு நாள் கமிஷனில் ஒரு மெஷின் வாங்கிவிடுவார். அவரைப் பிடித்து வைத்திருப்பது கேபிள். தராசுக்குப் பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட், அதிலிருந்து யுஎஸ்பிக்கு ஒரு நீலக் கேபிள், எப்போதோ மதுரையில் வாங்கியது. விண்டோஸ் 7ல் அது ஓடுகிறது. விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து, இந்தச் சிப்பை 2012லேயே நிறுத்திவிட்டோம், விற்றவரைக் கேளுங்கள் என்ற அர்த்தத்தில் டிரைவரே இங்கிலீஷில் பதில் சொல்கிறது. விற்றவரை எங்கே போய்த் தேட? வேறு கேபிள் வாங்கலாம், முந்நூறு நானூறு ரூபாய் சமாச்சாரம், ஆனால் அது அந்தத் தராசோடு ஒத்துப்போகிறதா என்று காலை நாலு மணிக்கு லோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது சோதித்துப் பார்க்க எந்த அண்ணாச்சியும் சம்மதிக்க மாட்டார். எடை ஒரு நிமிஷம் நின்றால் பின்னால் குட்டியானை வரிசை ரோடு வரைக்கும் நிற்கும்.

அதோடு அந்த மெஷினில் நெட் கிடையாது. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று பயம் காட்டுகிறீர்கள், வயரே இல்லாத மெஷினுக்குள் எவன் வந்து என்ன திருடப் போகிறான், கத்திரிக்காய் விலையையா?

லினக்ஸ் போடச் சொல்லி யாராவது வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், போட்டுப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் விண்டோஸ் 10 கைவிட்ட அதே கேபிள் லினக்ஸில் செருகின உடனே எழுந்து உட்காருகிறது, டிரைவர் அதன் கர்னலிலேயே (சிஸ்டத்தின் மையப் பகுதியில்) இருக்கிறது. சில கடையில் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப்தான் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் இருக்கும், அதில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒருத்தரும் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் லினக்ஸ் போட்ட கடையில் நான் இல்லாத நாளில் ஏதாவது ஆனால் பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்க்க முடியாது. விண்டோஸ் என்றால் யாராவது ஒருத்தருக்குத் தெரியும். அதுவும் ஒரு சப்போர்ட்தானே?

---

கீழாம்பூர்_கர்னல் எழுதியது:

வயரு, கேபிள் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் நெட் இல்லை, அதனால் பயமில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த மென்பொருளே கடைக்குக் கடை எப்படிப் போகிறது? தம்பியே சொல்லிவிட்டார், பென்டிரைவில். பைலெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் வைரஸை இந்த ஜில்லாவில் பார்க்காத ஜெராக்ஸ் கடை உண்டா? கத்திரிக்காய் விலையை யாரும் திருட வேண்டாம், எஸ்கியூலைட் பைல் அழிந்தால் போதும், விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி யாருக்கு எவ்வளவு என்று சொல்ல ஆள் கிடையாது.

லினக்ஸிலும் கடிகாரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் வெர்ஷன் 2025 ஆகஸ்ட்டில் வந்தது, அதில் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் கிடையாது, கர்னலும் கிடையாது. 12தான் கடைசி. ஆனால் ஒன்று பாருங்கள், விண்டோஸ் 7 32 பிட் ஓடுகிற மெஷின் எல்லாம் 32 பிட் மெஷின் இல்லை. கோர் 2 டுயோ, டெஸ்க்டாப் பென்டியம் டுயல் கோர் எல்லாம் 64 பிட் சில்லுதான், ராம் 2 ஜிபி என்பதால் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். பழைய ஆட்டம் என்270 போட்ட நெட்புக் மாதிரி சிலதுதான் உண்மையிலேயே 32. சில்லின் பெயரைப் பார்க்காமல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தங்கச்சி சொன்ன அடுக்கு முறை எனக்கும் பிடிக்கும், ஆனால் ஆள் இல்லை என்றால் விடு என்பது பாதிதான். விடும் விதம் என்று ஒன்று இருக்கிறது. 2024 தொடக்கத்தில் விஎஸ் கோடு என்ற எடிட்டரின் 1.86 வந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28க்குக் குறைந்த எதிலும், தூரத்து மெஷினில் வேலை செய்ய உதவும் ரிமோட் சர்வர் ஓடாது என்று மாற்றினார்கள். உபுண்டு 18.04ல் இருப்பது 2.27, சென்டோஸ் 7ல் 2.17. காலையில் எடிட்டர் தானாக அப்டேட் ஆகிறது, ஆபீஸ் சர்வருக்குள் போக முடியவில்லை, சர்வரை மாற்ற இவர்களுக்கு அதிகாரமும் இல்லை. கத்தின கத்தில் சில நாளிலேயே எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு உள்ளே விடுகிற மாதிரி மாற்றி, கால அவகாசம் கொடுத்தார்கள். இத்தனைக்கும் முடிவு தப்பு இல்லை. 18.04க்கு உபுண்டு இலவசமாகக் கொடுத்த ஆதரவு 2023லேயே முடிந்துவிட்டது. விட்டதில் தப்பில்லை, சொல்லாமல் கொள்ளாமல் காலை வாரியதுதான் பிரச்சினை.

எதிர்ப் பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. விஎல்சி வீடியோ பிளேயர் 3 இன்னும் எக்ஸ்பியில் ஓடும். எக்ஸ்பி, 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்டே கைகழுவியது! இப்படி ஓட வைக்கிறவர்கள் செய்வது என்னவென்றால், புது ஏபிஐயை (சிஸ்டம் தரும் பங்ஷனை) நேரடியாக இணைக்காமல், ஓடும்போது அது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லாவிட்டால் பழையதைக் கூப்பிடுவது. சி மொழியில் எழுதினால் அதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். பைத்தானில், கோ மொழியில், ரஸ்ட்டில் அந்தத் தேர்வு உங்களுடையது இல்லை, மொழியின் ரன்டைம் உங்களுக்காக முடிவெடுத்துவிடும். கோ 1.21க்கு மேலே கட்டினதை 7ல் திறந்தால் பலபேருக்கு பிகிரிப்ட் பிரிமிட்டிவ்ஸ் டிஎல்எல் இல்லை என்று வரும். ரேண்டம் எண் எடுக்கிற ஒரே ஒரு பங்ஷனுக்காக. உங்கள் நிரலில் ரேண்டம் எண்ணே இல்லாவிட்டாலும்தான்.

---

தராசுத்தட்டு எழுதியது:

அண்ணாச்சி, நிறைய தெளிவாகிவிட்டது. அப்படியானால் பயர்பாக்ஸ் மாதிரி ஒரு வெர்ஷனை 7க்கென்று நிறுத்திவிட்டு, புதுசை 3.12, கியூட்டி 6 என்று கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு கிளையையும் நான் ஒருவன்தான் பார்க்க வேண்டும். பழையதில் யாராவது "அண்ணே ஒரு ரிப்போர்ட் மட்டும் சேருங்க" என்றால் மறுக்கத் தெரியவில்லை, நேரில் பார்க்கிற ஆட்கள். ஒரு சில கடையில் மார்க்கெட்டில் பழைய வெர்ஷனும் குடோனில் புதுசும் ஓடும், பைலை இரண்டு பக்கமும் கொண்டுபோவார்கள். அங்கே என்ன ஆகும்?

---

கீழாம்பூர்_கர்னல் எழுதியது:

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது, நல்ல வேளை கேட்டீர்கள்.

எஸ்கியூலைட்டைத் தேர்ந்தெடுத்தது உங்கள் புண்ணியம். 2004ல் வந்த 3.0 பைலை இன்றைய எஸ்கியூலைட் திறக்கும், 2050 வரைக்கும் ஆதரவு தருவதாக அதை எழுதுகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் புதுசு பழசைத் திறக்கும் என்பதற்காகப் பழசு புதுசைத் திறக்கும் என்று அர்த்தம் இல்லை. புது வெர்ஷனில் ஆசைப்பட்டு ஒரு டேபிளை 'ஸ்ட்ரிக்ட்' (தரவு வகையைக் கண்டிப்பாகப் பார்ப்பது) என்று போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். அது 3.37ல் வந்தது, 2021 நவம்பர். பைத்தான் 3.8.10க்குள் இருக்கும் எஸ்கியூலைட் அதற்கும் முந்தியது. குடோனிலிருந்து பைல் மார்க்கெட்டுக்கு வந்ததும் ஸ்கீமாவே (டேபிள்களின் அமைப்பே) கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி மொத்தப் பைலையும் திறக்க மறுக்கும். ஒரு டேபிள் இல்லை, முழுப் பைலும். ஆகவே பழைய கிளை இருக்கிற வரை ஸ்கீமாவில் புது வசதி எதுவும் கூடாது. இதை டெஸ்ட்டாகவே எழுதி வைத்துவிடுங்கள், பழைய எஸ்கியூலைட்டை வைத்துப் புதுப் பைலைத் திறந்து பார்க்கிற டெஸ்ட். அதற்கு விண்டோஸ் 7 மெஷின் கூட வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம்.

முதல் கேள்விக்கு: பழைய கிளையில் என்ன நுழையலாம் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். என் பட்டியல் ரொம்பச் சின்னது. எடை தப்பாக வருவது, பணக் கணக்கு தப்பாக வருவது, பைல் கெடுவது. ரிப்போர்ட், கலர், புது பிரிண்டர், எதுவும் கிடையாது. அப்புறம் வரி விகிதம், கூலி, கமிஷன் சதவீதம் எல்லாம் நிரலுக்குள் எண்ணாக இருந்தால் பழையதை நிறுத்துவதற்கு முன்னால் வெளியே ஒரு பைலுக்கு எடுத்துவிடுங்கள். காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை, சரி, ஆனால் அதே மென்பொருளை நெய், வெண்ணெய் விற்கிறவர் வைத்திருந்தால்? 2025 செப்டம்பர் 22ல் விகிதங்களை மாற்றினார்களே, அன்றைக்கு எத்தனை பேர் நிரலைத் திறந்து எண்ணைத் தேடினார்களோ. நிறுத்தி வைத்த வெர்ஷனை இன்னும் பத்து வருஷம் யாராவது ஓட்டத்தான் போகிறார்கள், அரசாங்கம் சும்மா இருக்காது.

நேரில் பார்க்கிறவர்களிடம் மறுக்க முடியவில்லை என்பதற்கு என்னிடம் தொழில்நுட்பத் தீர்வு கிடையாது தம்பி. அதற்குத்தான் பைத்தான்காரர்கள் நாள்காட்டி வைத்திருக்கிறார்கள் போல. தேதி மேல் பழியைப் போட்டுவிடலாம்.

---

அபிஷேகப்பட்டி_பஸ் எழுதியது:

தேதி போடுவதாக இருந்தால் முடியும் தேதியை மட்டும் போடாதீர்கள், அடுத்தது எப்போது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது, இன்றைக்கு 7ல் இருந்து 10க்கு ஏற்றிவிட்டு 'அப்பாடா' என்று உட்கார்ந்தால் இதே கேள்வியை இன்னும் இரண்டு வருஷத்தில் இங்கே வந்து கேட்பீர்கள். நம்பை, சைபை என்ற பைத்தான் கணித நூலகங்களின் ஆட்கள் ஸ்பெக் 0 என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள், ஒரு பைத்தான் வெர்ஷன் வந்து மூன்று வருஷம் ஆனால் விட்டுவிடலாம் என்று. அதனால் எது எப்போது போகும் என்பது முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். மேக் பக்கம் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவும் மேக்கின் கடைசி மூன்று வெர்ஷன்தான் என்று சொல்லி வைத்திருக்கிறது. மூன்று வருஷம் உங்களுக்கு ஒத்துவராது என்று தெரியும், கடைக்காரருக்கு ஐந்தோ ஆறோ வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு எண் இருக்கட்டும்.

வயர் அண்ணே, பக்கத்துக் கடைக்காரர் சப்போர்ட் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயம். ஆனால் அந்தப் பக்கத்துக் கடைக்காரரும் சீக்கிரம் விண்டோஸ் 11க்குப் போய்விடுவார்.

---

வண்ணார்பேட்டை_வயர் எழுதியது:

போகட்டும், எனக்கு அன்றைக்கும் வேலை இருக்கும்.

தம்பி, ஒன்று செய்யுங்கள். புது வெர்ஷனைக் கொடுக்கும்போது "விண்டோஸ் 10 வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் மெஷினை மாற்றிவிட்டு எனக்குப் போன் போடுவார், எடை வரவில்லை என்று. எந்தச் சிப் போட்ட கேபிள் ஓடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னிடம் இருக்கிற கேபிள்களை எல்லாம் உங்கள் புரோகிராமோடு போட்டுப் பார்த்து எது எது வருகிறது என்று பட்டியல் தருகிறேன். நம் ஆட்களுக்கு சிஸ்டம் வெர்ஷனை விட அந்தப் பட்டியல்தான் உபயோகம்.

---

தராசுத்தட்டு எழுதியது:

சரி, முடிவு பண்ணிவிட்டேன். இன்று ராத்திரி ரீட்மீயில் போடப்போவது இதுதான், தப்பு இருந்தால் சொல்லுங்கள்:

"2.x: விண்டோஸ் 7 முதல், 32 பிட்டிலும் ஓடும். எடை, பணம், பைல் இந்த மூன்றில் பிழை இருந்தால் மட்டும் திருத்தம் வரும், 2027 டிசம்பர் வரை. நெட் இணைப்பு இல்லாத மெஷினில் மட்டும் பயன்படுத்தவும், வாரம் ஒரு முறை பைலை வேறு பென்டிரைவில் நகல் எடுக்கவும். 3.x: விண்டோஸ் 10, 11, டெபியன் 12, 13, எல்லாம் 64 பிட். புது வசதி எல்லாம் இதில்தான். 2.x பைலை 3.x திறக்கும், 3.x பைலை 2.x திறக்கும், 2027 வரை. விண்டோஸ் 10ஐ எப்போது விடுவோம் என்பதை 2026 கடைசியில் இதே இடத்தில் எழுதுவோம்."

லினக்ஸ் பில்டை டெபியன் 12லேயே கட்டப்போகிறேன், ஜிலிப்சி வம்பு வராமல் இருக்க. மாணவிக்கும் எழுதியிருக்கிறேன், பேட்ச் 3.xக்கு அப்படியே போகட்டும், 'மேட்ச்' இருக்கட்டும் என்று. அதற்கு உடனே பதில் வந்துவிட்டது!

பாக்கி ஒன்றுதான். 2.x கடைசி வெர்ஷனை நிறுத்துவதற்கு முன்னால் உண்மையான விண்டோஸ் 7 32 பிட் மெஷினில், தராசும் டாட் மேட்ரிக்ஸும் மாட்டி ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் சீரியல் போர்ட்டை நம்ப முடியவில்லை. டவுன், ஜங்ஷன், பாளை பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

---

வண்ணார்பேட்டை_வயர் எழுதியது:

இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் கழற்றிப் போட்டது, 2 ஜிபி, சர்வீஸ் பேக் 1 ஏறியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் சத்தம் போடும், பயப்பட வேண்டாம். பிரிண்டருக்கு ரிப்பன் மட்டும் நீங்கள் வாங்கி வந்துவிடுங்கள்.